மரம் நடும் சடங்கு

மரம் நடுதல் நம் காலத்தின் சடங்காகிவிட்டது. நட்டவர் புகைப்படத்தில் வாழ்கிறார். கன்று அடுத்த கோடையில் கருகுகிறது. இதன் அபத்தம் புரிய, மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நாடான நைஜரைப் பார்க்கவேண்டும். 1983-இல் மராடிப் பகுதியில் பணியாற்றிய டோனி ரினாடோ, வயல்களில் புதரெனத் தெரிந்தவை வெட்டுண்ட மரங்களின் துளிர்களே எனக் கண்டார். உழவர்கள் அவற்றைக் கழித்துவிட்டு வளர்க்கத் தொடங்கினர். இருபதாண்டுகளில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் விளைநிலத்தில் மரங்கள் மீண்டன. வேலமரத்தின் உறவான காவோ, மழைக்காலத்தில் இலையுதிர்த்துக் கம்புப் பயிருக்கு வெயிலை விட்டுக்கொடுக்கிறது. மண்ணுக்குத் தழைச்சத்தும் தருகிறது. அதுவரை குறுக்கே நின்றது வறட்சி மட்டும்தானா? மரம் அரசுடைமை என்ற சட்டமும்தான். தன் நிலத்து மரம் தனதில்லை என்றால் எந்த உழவர் அதைக் காப்பார்? அந்த உரிமையைத் தராத அரசு எத்தனை கோடிக் கன்றுகள் வழங்கினாலும் அது வெறும் விழாச்செலவே.