எம்.பி.எச். படித்தவருக்கும் ஒரு நாற்காலி

பொது சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம், அதாவது எம்.பி.எச்., இன்று மருத்துவர்கள் மட்டும் படிக்கும் படிப்பு அல்ல. பல் மருத்துவர், செவிலியர், சமூகப் பணியில் பட்டம் பெற்றவர், புள்ளியியல் படித்தவர் எனப் பலரும் சேர்கிறார்கள். நோய்ப்பரவலியல், சுகாதாரப் பொருளாதாரம், கள ஆய்வு என்று இரண்டு ஆண்டுகள் உழைத்து வெளியே வந்தபின் அரசு வேலைக்கான அறிவிக்கையைப் புரட்டினால் அவர்களுக்கென்று பதவியே இல்லை. சுகாதார அலுவலர் ஆக எம்.பி.பி.எஸ். வேண்டும். சுகாதார ஆய்வாளர் ஆவதற்குத் தனிப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்பவருக்குத் தொகுப்பூதியத்தில் ஓர் ஒப்பந்த வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த நடு இடத்தில் நிரந்தரப் பணியிடங்களைத் தமிழக அரசு உருவாக்கியாக வேண்டும்.

தமிழகத்திடம் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நாடு விடுதலை அடையும் முன்பே, 1939-ல், பொது சுகாதாரத்துக்கென்று சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். பல மாநிலங்கள் மருத்துவமனை நிர்வாகத்தையும் நோய்த்தடுப்பையும் ஒரே மூட்டையில் கட்டிவைத்திருக்க, இங்கே நோய்த்தடுப்புக்குத் தனி இயக்குநரகம், தனிப் பணித்தொகுதி, தனிப் பதவி உயர்வு வரிசை என்று நடந்துவருகிறது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி தாக்கியபின் நாகப்பட்டினம், கடலூர் முகாம்களில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். ஆனாலும் பெரிய கொள்ளைநோய் எதுவும் கிளம்பவில்லை. குளோரின் கலந்த குடிநீர், தடுப்பூசி, அன்றாடக் கண்காணிப்பு எல்லாவற்றையும் உடனே முடுக்கிவிடப் பொது சுகாதாரத் துறையில் ஆட்கள் இருந்தார்கள்.

‘மருத்துவம் படிக்காதவரிடம் நோயைத் தடுக்கும் வேலையைக் கொடுப்பதா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இதே துறையிலேயே பதில் இருக்கிறது. அங்கே பணியாற்றும் பூச்சியியல் வல்லுநர்கள் எந்த மருத்துவக் கல்லூரியில் படித்தார்கள்? புதுச்சேரியில் ஐ.சி.எம்.ஆரின் நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில் பொது சுகாதாரப் பூச்சியியலுக்கு என்றே முதுநிலைப் படிப்பு நடக்கிறது. டெங்குக் காய்ச்சலில் தட்டணு குறைந்தால் என்ன செய்வது என்பது மருத்துவருக்குத் தெரியும். தெருவில் எந்த வீட்டு டிரம்மில், எந்த ஆட்டுக்கல் குழியில் கொசுப்புழு வளர்கிறது, ஏன் மழைக்கு முன்பே அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது பூச்சியியல் படித்தவருக்குத் தெரியும். ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீர் வற்றியபின்னும் பல மாதங்கள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக் காத்திருக்கும்.

ஒரு தெருவில் பத்துப் பேருக்கு வாந்திபேதி என்று வைத்துக்கொள்வோம். நோயாளிக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுப்பதும், தேவைப்பட்டால் டிரிப்ஸ் ஏற்றுவதும் மருத்துவமனையின் வேலை. பத்துப் பேரின் பெயர், வயது, வீடு, நோய் தொடங்கிய நாள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, வீடுகளை வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்து, அவற்றுக்குத் தண்ணீர் போகும் குழாய் எந்த இடத்தில் சாக்கடையைக் கடக்கிறது என்று தேடுவது வேறு வேலை. தெருக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்கிறதா என்று சோதிப்பதும் அதில் சேரும். இதைச் சரியாகச் செய்தால் பதினோராவது நோயாளி வரமாட்டார். வராத நோயாளிக்காக யாரும் நன்றி சொல்லப்போவதில்லை என்பதால்தானோ என்னவோ, இந்தப் படிப்பைச் சொன்னால் வீட்டிலேயே ‘அப்படின்னா ஊசி போடுவியா, பிளீச்சிங் பவுடர் போடுவியா?’ என்று கேட்கிறார்கள்.

2017-ம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, எல்லா மாநிலங்களிலும் பொது சுகாதார மேலாண்மைப் பணித்தொகுதி வேண்டும் என்றது. சமூகவியல், பொருளாதாரம், செவிலியம் போன்ற பின்னணியிலிருந்து வந்து பொது சுகாதாரப் பயிற்சி பெற்றவர்களுக்கும் அதில் இடம் தர வேண்டும் என்றும் சொன்னது. மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி என்று பேசப்படும் தமிழகத்தின் பணித்தொகுதி இன்னும் மருத்துவர்களை மையமாக வைத்தே நிற்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீடு வீடாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து எழுதிக் குவிக்கும் விவரங்களைப் படித்து, எந்த வட்டாரத்தில் நோயாளிகள் பாதியில் மாத்திரையை நிறுத்துகிறார்கள், ஏன் என்று சொல்வதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் மாவட்டந்தோறும் வேண்டாமா? கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் சொந்தச் செலவில் எம்.பி.எச். முடித்தால் அதற்கேற்ற பதவி உயர்வும் இருக்க வேண்டும். களத்தை அவரைவிட அறிந்தவர் யார்?

அரசு இல்லாவிட்டால் தனியார் இருக்கிறதே என்பது அரை உண்மை. ஆய்வுத் திட்டங்கள், தன்னார்வ நிறுவனங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், மருந்துப் பரிசோதனைகள் என்று வேலைகள் இருக்கவே செய்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி நிதி இருக்கும்வரைதான். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் உலகெங்கும் சுகாதாரத் திட்டங்கள் முடங்கியதைப் பார்த்தோம். கொள்ளைநோய்க் காலத்தில் ஆட்களை அவசரமாக எடுத்து, அலை ஓய்ந்ததும் வீட்டுக்கு அனுப்பும் பழக்கத்தை அரசுகளும் விட்டொழிக்கவில்லை.

கல்லூரிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையம் 1997-ல் எம்.பி.எச். தொடங்கியபோது இந்தியாவில் அப்படியொரு படிப்பு அரிது. இன்று தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் அதை விற்கின்றன. கட்டணம் கட்டுமுன் மாணவர்கள் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: களத்தில் எத்தனை மாதம்? போன ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

மாவட்டத்துக்கு ஒரு நோய்ப்பரவலியலாளர், ஒரு தரவு அலுவலர், ஒரு நலக்கல்வி அலுவலர் என்று, எம்.பி.எச். முடித்த மருத்துவர் அல்லாதோரும் விண்ணப்பிக்கக்கூடிய நிரந்தரப் பணியிடங்களை மக்கள் நல்வாழ்வுத் துறையின் அடுத்த மானியக் கோரிக்கையிலேயே அமைச்சர் அறிவிக்க வேண்டும். அதற்கேற்பப் பணி விதிகளையும் அந்த ஆண்டுக்குள் திருத்த வேண்டும்.