காட்டுக் காய்ச்சலும் நம் கடமையும்

சங்க இலக்கிய வகுப்பொன்றில் ‘முசு’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூறிக்கொண்டிருந்தேன். குரங்கு, முசு, ஊகம் என மூவகையாகத் தொல்காப்பிய மரபியல் பிரித்துரைப்பதையும், கருமுகம் கொண்ட நீண்ட வாலுடைய இனமே முசு என்பதையும் விளக்கியபோது, கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்து பயிலும் மாணவர் ஒருவர் எழுந்தார். “ஐயா, காட்டில் செத்த குரங்கைக் கண்டால் தொடாதீர்கள், உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள் என்று எங்கள் ஊரில் சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை” என்றார். அந்த ‘ஏன்’ என்னும் வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

1957ஆம் ஆண்டின் முற்பகுதியில், அன்றைய மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டம், சொரப் வட்டத்திலுள்ள கியாசனூர்க் காட்டில் முசுக்களும் நாட்டுக் குரங்குகளும் கொத்துக் கொத்தாய் மடிந்து வீழ்ந்தன. அக்காட்டோரச் சிற்றூர்களில் மக்களும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தனர். திடீரெனத் தாக்கும் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, தசைகளை முறுக்கும் வலி, சிலருக்கு மூக்கிலும் ஈறுகளிலும் குருதிக் கசிவு என நோய் கடுமையாக இருந்தது. பூனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் விரைந்து வந்தனர். குரங்குகள் சாவதைக் கண்ட அவர்கள் முதலில் அஞ்சியது, ஆப்பிரிக்காவையும் தென்னமெரிக்காவையும் வாட்டிய மஞ்சட்காய்ச்சல் இந்தியாவினுள் புகுந்துவிட்டதோ என்றுதான். டெல்போர்ட் வொர்க் என்னும் அறிஞரின் தலைமையில் நடந்த ஆய்வு அவ்வச்சத்தை நீக்கியது. ஆனால் வேறொரு வியப்பைத் தந்தது. இது கொசுவால் வருவதன்று, உண்ணியால் வருவது என்பதும், இதன் நச்சுயிரி இரசியக் காடுகளில் அறியப்பட்டிருந்த மூளைக்காய்ச்சல் நச்சுயிரிக்கு நெருங்கிய உறவுடையது என்பதும் தெரியவந்தன.

சைபீரியாவின் உறவு சிமோகாவுக்கு எவ்வாறு வந்தது? குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் தம் உடலில் உண்ணிகளைச் சுமந்து வந்திருக்கலாமோ என்றோர் ஐயம் எழுந்தது. இவ்விடத்தில்தான் பறவையியல் பேரறிஞர் சாலிம் அலி இவ்வரலாற்றில் இடம்பெறுகிறார். உலக நலவாழ்வு நிறுவனத்தின் உதவியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வலசைப் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, உடலிலுள்ள உண்ணிகளைச் சேகரித்து, மீண்டும் பறக்கவிடும் பெரும்பணியைத் தொடங்கியது. பின்னர் அமெரிக்கப் படைத்துறை சார்ந்த திட்டமொன்றின் நிதியும் இப்பணிக்கு வந்தது. 1970களில் நாடாளுமன்றத்தில் இதுகுறித்துக் கடும் கேள்விகள் எழுந்தன. உயிரியற் போருக்கான ஒத்திகையோ என்றுகூட ஐயுற்றனர். முதுமையில் அப்பெருமகனாரின் உள்ளத்தை அது பெரிதும் வருத்தியது.

அவ்வையத்தை அடிப்படையற்றதென நான் தள்ளமாட்டேன். பிறநாட்டுப் படையின் பணம் நம் காட்டுக்குள் வருமாயின், எதற்கென்று கேட்பது மக்களாட்சியின் கடமை. ஆயினும், வலசைப் பறவைகளே இந்நோயைக் கொணர்ந்தன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றபோதிலும், அப்பணியால் நாம் பெற்றது சிறிதன்று. எப்பறவை எந்நாட்டிலிருந்து எப்போது வருகிறது என்னும் அறிவு நம் நாட்டுக்கு உடைமையாயிற்று. நம் கோடியக்கரை உப்பளங்களிலும் சேற்றுநிலங்களிலும் பறவைகளுக்கு வளையமிட்ட கழகத்தாரின் பணி இம்மரபில் வந்ததே. ஒன்றைத் தேடப் போய் வேறொன்றைக் காண்பது ஆய்வின் இயல்பு. பயன் உடனே தெரியாத ஆய்வுக்குப் பணம் எதற்கு என்போர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

விடை வானத்தில் இல்லை, தரையில் இருந்தது. கொலம்பிய நாட்டு அறிஞர் போசெல் கியாசனூர்ப் பகுதியில் தங்கிக் காட்டையும் உண்ணியையும் கூர்ந்து ஆராய்ந்தார். இவ்வுண்ணியின் வாழ்க்கை மூன்று பருவங்களைக் கொண்டது. ஒவ்வொரு பருவத்திலும் அதற்கு ஒரு விலங்கின் குருதி வேண்டும். இளம் பருவங்களில் அது எலி, மூஞ்சுறு, பறவை, குரங்கு ஆகியவற்றைப் பற்றுகிறது. முழு வளர்ச்சியடைந்தபின் பெரிய விலங்கைத் தேடுகிறது. அடர்காட்டில் பெரிய விலங்குகள் குறைவு. எனவே உண்ணியும் அளவோடு இருந்தது. மக்கள் பெருகிக் காட்டைத் திருத்தி, மாடுகளை உள்ளே மேய்ச்சலுக்கு ஓட்டியபோது அந்தக் குறை நீங்கிற்று. மாட்டுக்கு இந்நோய் வருவதில்லை. ஆனால் மாட்டின் குருதியுண்ட பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுப் பெருகியது. மரம் வெட்டிய இடங்களில் மண்டிய உண்ணிச்செடிப் புதர்கள் அவற்றுக்கு நல்ல நிழலாயின. ஆக, இந்நச்சுயிரி காட்டில் நெடுங்காலம் அடங்கிக் கிடந்தது என்றும், நாம் காட்டைக் குலைத்தபோது வெளிப்பட்டது என்றும் போசெல் கருதினார்.

இதற்குக் கொடிய எடுத்துக்காட்டொன்று பின்னர் வந்தது. 1982-83ஆம் ஆண்டுகளில் தென்கன்னட மாவட்டத்துப் பெல்தங்கடி வட்டத்தில் முந்திரித் தோட்டம் அமைப்பதற்காகக் காட்டை அழித்ததைத் தொடர்ந்து நோய் பரவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நூறு பேருக்கு மேல் மாண்டனர்.

குரங்கின் பங்கு யாது? அதுவும் நம்மைப் போல் உண்ணிக்கடியால் நோயுற்று மடிவதே. அது மடிந்தவுடன், உடலிலிருந்த உண்ணிகள் இறங்கி அவ்விடமெங்கும் பரவுகின்றன. அவ்விடம் நஞ்சுக்களமாகிறது. அங்கே சருகு அரிக்கவோ சுள்ளி பொறுக்கவோ செல்பவர் கடிபடுகிறார். சனவரி முதல் மே வரையுள்ள வறண்ட மாதங்களில்தான் இளம் உண்ணிகள் மிகுதி. காட்டோர மக்கள் விறகுக்கும் சருகுக்கும் உள்ளே செல்வதும் அம்மாதங்களில்தான். கூடலூர் மாணவரின் வினாவுக்கு விடை இதுவே. செத்த குரங்கு ஓர் எச்சரிக்கை மணி. தன் உயிரைக் கொடுத்து ஊருக்கு முன்னறிவிப்புத் தரும் விலங்கு அது.

அவ்வாறிருக்க நாம் அந்நோய்க்கு வைத்திருக்கும் பெயர் ‘குரங்குக் காய்ச்சல்’! கன்னடத்தார் ‘மங்கன காயிலே’ என்றனர். நாமும் அதையே மொழிபெயர்த்துக்கொண்டோம். பெயரில் என்ன இருக்கிறது என்று எளிதாகக் கேட்டுவிடலாம். பழி இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் குரங்கம்மை என்னும் வேறொரு நோய் உலகெங்கும் பேசப்பட்டபோது, பிரேசில் நாட்டில் ஒரு குற்றமும் அறியாத குரங்குகளை மக்கள் தாக்கினர். அவ்வாண்டு இறுதியில் உலக நலவாழ்வு நிறுவனம் அந்நோயின் பெயரையே மாற்றியது.

இதனினும் ஆபத்தான குழப்பம் நம் தமிழில் உண்டு. செய்தித்தாள்களில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று நாம் படிப்பது பெரும்பாலும் இந்நோயன்று. அது ‘ஸ்க்ரப் டைபஸ்’ எனப்படும் வேறு நோய், உண்ணியினும் மிகச் சிறிய சிற்றுயிரியின் இளம் புழு கடிப்பதால் வருவது, நுண்ணுயிரியால் உண்டாவது, டாக்சிசைக்ளின் என்னும் மருந்தால் தீர்வது. கியாசனூர்க் காய்ச்சலோ நச்சுயிரியால் வருவது; அதனை நேரே அழிக்கும் மருந்து இல்லை; உடனிருந்து பேணிக் காப்பதே மருத்துவம். உண்ணியால் வராத நோய்க்கு உண்ணியின் பெயரையும், உண்ணியால் வருவதற்குக் குரங்கின் பெயரையும் இட்டிருக்கிறோம்! கலைச்சொல்லாக்கம் பற்றி மாநாடுதோறும் பேசும் தமிழாசிரியர்களாகிய நாம் வெட்கப்பட வேண்டிய செய்தியன்றோ இது?

இனி, ஆய்வின் பயன் யாரைச் சேர்ந்தது என்பதையும் கேட்கவேண்டும். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாவின் மறைபொருளைக் கண்டறிந்தார்; 1902இல் நோபல் பரிசும் பெற்றார். அவருடைய கொசுக்களுக்குத் தன் குருதியைக் கொடுத்தவர் ஹுசைன் கான் என்னும் எளிய நோயாளி. கொசுவுக்கு ஓர் அணா வீதம் அவருக்குக் கூலி தரப்பட்டது. ராஸின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஹுசைன் கானின் பெயராவது நமக்குத் தெரிகிறது. கியாசனூர் ஆய்வுகளுக்குக் குருதி கொடுத்த சிற்றூர் மக்களின் பெயர்களும், ஆய்வுக்கூடத்திலேயே தொற்றுக்கு ஆளான பணியாளர்களின் பெயர்களும் யாருக்குத் தெரியும்?

பெயர் கிடக்கட்டும், பாதுகாப்பாவது கிடைத்ததா? நெடுநாள் பயன்பாட்டிலிருந்த தடுப்பூசி போதிய ஆற்றலற்றதெனக் கண்டு 2022ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. நோயைக் கண்டறிந்து அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் கையில் ஒரு நல்ல தடுப்பூசி இல்லை. புதியதொன்றை உருவாக்கும் முயற்சி இப்போது நடக்கிறது. இந்நோய் செல்வர் வாழும் நகரத்தைத் தாக்கியிருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்குமா என்று கேட்காமல் இருக்க இயலவில்லை. கொரோனாவுக்கு ஓராண்டுக்குள் தடுப்பூசி வந்ததை நாம் கண்டோமே!

நோய் சிமோகாவிலேயே நின்றுவிடவும் இல்லை. 2012ஆம் ஆண்டின் இறுதியில் பந்திப்பூர்க் காட்டில் குரங்குகள் இறந்தன; அவ்வுடல்களைக் கையாண்ட பணியாளர்கள் நோயுற்றனர். அதனையடுத்து நீலகிரியில் இறந்த குரங்கிடமும் இந்நச்சுயிரி காணப்பட்டது. 2015இல் வயநாட்டுப் பழங்குடியினரிடையே பரவி உயிர்களைக் கொண்டது. பந்திப்பூரும் முதுமலையும் வயநாடும் ஒரே காடு; எல்லைக்கோடு நம் வரைபடத்தில்தான்.

ஆகவே எம் போன்றோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நோயாய்வு மருத்துவருக்கு, காட்டாய்வு வனத்துறைக்கு, சொல்லாய்வு தமிழ்த்துறைக்கு என வேலி போட்டுக்கொண்டதால்தான் மக்களுக்கு ‘தொடாதே’ என்னும் கட்டளை மட்டும் சென்றது, காரணம் செல்லவில்லை. காட்டுநாயக்கரும் குறும்பரும் இருளரும் காட்டை அறிந்தவர்கள். எம்மரத்தடியில் எம்மாதம் உண்ணி மிகும் என்பதை அவர்களிடமே கேட்கலாம். விலங்கியல் மாணவரும் தமிழ் மாணவரும் இணைந்து ஒரு கோடை விடுமுறையில் அவ்வூர்களுக்குச் சென்று, அவர்கள் சொற்களைத் தொகுத்து, அவர்கள் மொழியிலேயே காரணத்தை விளக்கி வரட்டும். கல்லூரி ஆட்சிக்குழுப் பெரியோர்கள் இதற்கெனச் சிறு தொகை ஒதுக்கினால் போதும்.

மேற்சொன்ன மாணவர் காத்திருக்கவில்லை. சென்ற விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பியபோது, அங்குள்ள முதியோர் உண்ணிகளுக்கு வழங்கும் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதிவந்தார். மாட்டுண்ணி, நாயுண்ணி என நாம் அறிந்தவை சில. இரு பெயர்களுக்கு எனக்குப் பொருள் விளங்கவில்லை; விலங்கியல் துறை நண்பரிடம் கொடுத்திருக்கிறேன்.