பிணைக் கையெழுத்துக்கு முன்



முன்னாள் மாணவியின் தந்தை ஒருவர், மகளின் கல்விக் கட்டணக் கடனுக்குப் பிணைக் கையெழுத்து இடுவதுபற்றிப் பாசிர் ரிஸ் ரயில் நிலையத்தில் என்னிடம் பேசினார். "கட்ட முடியாவிட்டால் அவள் நொடித்துப்போனவளாகிவிட்டால் தீர்ந்துவிடுமே, டீச்சர்" என்றார்.

தீராது. சிங்கப்பூரில் நொடிப்புநிலை கடன்பட்டவருக்கு ஒருநாள் விடுதலை தரலாம். பிணை நின்றவரை விடுவிக்காது. மகள் மீண்டாலும் தந்தை கட்டவேண்டும். அமெரிக்காவிலோ நொடித்தவருக்கே எளிதில் விடுதலையில்லை. 'தாங்கொணா இடர்' உண்டென மெய்ப்பிக்கவேண்டும். 1987ஆம் ஆண்டு புரூனர் வழக்கு அதற்குக் கடுமையான அளவுகோல் வகுத்தது.

கடனே வேண்டாம் என்பதன்று என் கருத்து. படிக்கும் காலத்தில் வட்டியில்லை என்பது நல்ல வசதியே. ஆயினும் மாதத் தவணை எவ்வளவு, வேலை தாமதமானால் யார் கட்டுவது என்று தந்தையும் மகளும் சேர்ந்து எழுதிப் பார்க்கட்டும். பிள்ளையிடம் கடனை மறைப்பது பாசமாகாது.