‘பார்த்துக்கொள்’ என்னும் ஏவல்

கருவுற்றவளிடம் ஊரே சொல்வது: “உடம்பைப் பார்த்துக்கொள்.” இதிலுள்ள ‘கொள்’ என்னும் துணைவினை, பொறுப்பு முழுவதையும் அவள்மீதே திருப்பிவிடுகிறது. அரசும் இவ்விலக்கணத்தையே கடைப்பிடிக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசுப் பணியில் இல்லாத, வேறு சட்டத்தின்கீழ் இதையொத்த பயன் பெறாத ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவியை உரிமையாக்கியது. 2017இல் வந்த பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டமோ, முதற்பேற்றுக்கு மட்டும் 5,000 ரூபாய் எனச் சுருக்கிற்று. 2022 முதல் இரண்டாம் பேற்றுக்கும் உண்டு. பிறந்தது பெண்ணாயின் மட்டும். இரண்டாவதாக ஆணைப் பெற்றவளுக்கு இழந்த இரத்தம் தானே ஊறிவிடுமா? பிள்ளைபெற்ற புண் ஆறுமுன்பே களையெடுக்கப் போகிறவளுக்கு அறிவுரை எதற்கு? சட்டம் சொன்ன தொகையை ஒவ்வொரு பேற்றுக்கும் கொடுங்கள். உடம்பை அவள் பார்த்துக்கொள்வாள்.