யாருக்கு ஸ்திரம்?

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென இலங்கை அரசு கைவிரித்த நாள்முதல், நம் அறிஞர்களின் நாவில் ஒரு சொல் குடியேறிவிட்டது: அரசியல் ஸ்திரத்தன்மை. நாடு ஸ்திரமாக இருந்தால் அந்நிய மூலதனம் வருமாம். இல்லையேல் அயல்நாட்டுக்கு ஓடிவிடுமாம். எங்கள் உயர்தர வகுப்பு மாணவனும் பொருளியல் விடைத்தாளில் இதையே எழுதுகிறான். நாமும் புள்ளி வழங்குகிறோம்.

ஸ்திரத்தின் அருமையை உடுவிலாருக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. எங்கள் ஊருக்கு வடக்கே, காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரினால் அவிந்தது. சுண்ணாம்புக்கல் அகழ்ந்த குழிகள் எஞ்சின, கூலி எஞ்சவில்லை. ஆகவே அமைதியை நாம் இகழவில்லை. மக்கள் வேண்டும் அமைதி வேறு, மூலதனம் கேட்கும் ஸ்திரம் வேறு என்கிறோம். செம்பின் கதையைப் பாருங்கள். திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலவில் அதன் படிவு உண்டு. எனவே இக்கதை நமக்கு அந்நியமானதன்று.

1971 ஜூலையில் சிலி நாட்டின் பாராளுமன்றம், ஒருவர்கூட எதிர்க்காமல், அமெரிக்கக் கம்பனிகளிடமிருந்த பெருஞ் செம்புச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. இதனினும் ஸ்திரமான தீர்மானம் ஏது? 1973 செப்டெம்பர் 11இல் ஜனாதிபதி மாளிகைமீது விமானங்கள் குண்டு பொழிந்தன, அலெண்டே மாண்டார். மறு ஆண்டே பினோசே ஆட்சி 600ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. அந்நிய முதலீட்டாளர் வேண்டினால், அவர்களுடைய வரிவீதம் பல்லாண்டுகளுக்கு மாறாதென்பது அதன் உறுதிமொழி. (நாட்டுடைமையான சுரங்கங்களைச் சர்வாதிகாரியும் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவற்றின் ஏற்றுமதி வருவாயில் பத்திலொரு பங்கு இராணுவத்துக்குப் போயிற்று. எப்படி மனம் வரும்?)

இரு நாடுகள் மூலதனத்துக்காகப் போட்டியிடும் காட்சியைக் காண ஆபிரிக்காவுக்குச் செல்ல வேண்டும். சாம்பியாவும் கொங்கோவும் ஒரே செம்புப் படுகையின்மேல் அமர்ந்தவை. 1964இல் விடுதலை பெற்ற சாம்பியா உள்நாட்டுப் போரை அறியாது. 1991இல் தேர்தலில் தோற்ற கவுண்டா அமைதியாகப் பதவி துறந்தார். இத்துணை நல்ல பிள்ளை, 1990களின் இறுதியில் சுரங்கங்களைத் தனியாருக்கு விற்றபோது பெற்ற பரிசென்ன? எடுக்கும் செம்பின் மதிப்பில் அரசுக்குரிய பங்கு 0.6 வீதம்! அதையும் 15, 20 ஆண்டுகளுக்கு மாற்றலாகாதென ஒப்பந்தம். அதற்கு இட்ட பெயர் 'ஸ்திர காலம்'. 2003இல் சராசரியாகத் தொன் ஒன்றுக்கு 2,000 டொலருக்குக் கீழிருந்த செம்பு விலை, 2006இல் 6,000ஐத் தாண்டியது. விலைக்கு ஸ்திரமில்லை, இலாபத்துக்கு எல்லையில்லை. ஏழை நாட்டின் பங்கு மாத்திரம் அசையாது நிற்க வேண்டும். 2008இல் சாம்பியா அவ்வொப்பந்தங்களை ரத்துச் செய்து வரியை உயர்த்தியதும், நம்பத்தகாத நாடெனக் கூக்குரல் எழுந்தது. மறு ஆண்டே, விலையேற்ற இலாபத்தின்மீதான வரி கைவிடப்பட்டது.

பக்கத்துக் கொங்கோ எப்படிப்பட்டது? 1961இல் லுமும்பா கொல்லப்பட்டது அந்நாட்டின் செம்பு மாகாணமான கட்டாங்காவில். 1996 தொடங்கி 2003 வரை இரு பெரும் போர்கள். அதன்பின்னும் துப்பாக்கி ஓயவில்லை. அறிஞர்களின் சூத்திரப்படி அங்கே ஒரு டொலரும் போயிருக்கக் கூடாது. ஆயினும் மூலதனம் அங்கே குவிந்தது; 2013 அளவில் செம்பு உற்பத்தியில் கொங்கோ சாம்பியாவை முந்திவிட்டது. தாது செறிவானது, காரணம் அவ்வளவே.

போர் கிழக்கில், செம்பு தெற்கில் என்று திருத்துவோர் உளர். உண்மைதான். சுரங்க வாயிலில் காவல் இருந்தால் போதும், ஏனையோர் எக்கேடு கெட்டாலென்ன என்பதன்றி அத்திருத்தத்துக்கு வேறென்ன பொருள்? போர் கொங்கோவிலிருந்து மூலதனத்தை விரட்டவில்லை. பேரம் பேசும் வலிமையைத்தான் அம்மக்களிடமிருந்து பறித்தது.

நாளை சேருவிலவுக்கும் வரைபடத்தோடு சிலர் வரலாம், ஸ்திரம் கேட்கலாம். எத்தனை ஆண்டுக்கு, எத்தனை வீதத்துக்கு, விலை ஏறினால் ஏற்றம் யாருக்கு, குழியை மூடுவது யார் என ஒரு மாணவன் விடைத்தாளில் திருப்பிக் கேட்டால், ஆசிரிய நண்பர்களே, அவனுக்கு எத்தனை புள்ளி இடுவோம்?