ராக்கம்மாவின் குரல்

சென்ற வாரம் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் நடந்த ஒரு நினைவுக் கூட்டத்தில், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட நம் தங்கச் சுரங்கத்தைப் பற்றியும், பத்தாயிரம் அடிக்கும் கீழே இறங்கிப் பாறை வெடிப்பில் மாண்டவர்களைப் பற்றியும் பெரியவர்கள் பலர் மனமுருகிப் பேசினார்கள். ஆயினும் மேடையில் ஒரு பெண்ணும் இல்லை என்பதும், பேச்சில் வந்த பெண்களெல்லாம் விதவைகளாக மட்டுமே வந்தார்கள் என்பதும் என் நெஞ்சை அறுத்தன. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் புழுதி சோற்றில் விழாமல் தொழிலாளர் லைன் வீட்டில் குடித்தனம் நடத்தியவர்கள், சுரங்கம் போனபின் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், தம் வாயால் என்ன சொல்வார்கள் என்று அங்கே எவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான் கையிலெடுத்த புத்தகம், 1994-இல் பாமா எழுதிய 'சங்கதி'. அதில், தன்னைக் கெடுக்க முயன்ற நிலக்காரனிடமிருந்து தப்பி ஓடிவந்த மாரியம்மா மீதே அவன் பழி சுமத்த, ஊர்ப் பஞ்சாயத்து அவளுக்கு இருநூறு ரூபாயும், அவளோடு சேர்த்துப் பேசப்பட்ட மாணிக்கத்துக்கு நூறு ரூபாயும் அபராதம் விதிக்கிறது; பரிந்து பேச வந்த பெண்களை ஆண்கள் அதட்டி அடக்கிவிடுகிறார்கள். மாரியம்மாவுக்கு அங்கே கிடைக்காத நியாயத்தை, அதே நூலில் வரும் ராக்கம்மா வேறொரு மார்க்கத்தில் தேடிக்கொள்கிறாள்: அடிக்கும் புருஷனை நடுத்தெருவில் நின்று நாகூசும் வசவுகளால் விரட்டுகிறாள். அதை ஆபாசம் என்று முகம் சுளிப்போர், அவளுக்கு வேறு ஆயுதம் எது இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

கன்னிமாடத்தைத் துறந்து வந்து எழுதத் தொடங்கியவர் பாமா; அது எனக்குக் கன்னிமாடத்தோடு தொடர்புடைய இன்னொரு நூலை நினைவூட்டுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஒரு கன்னியாஸ்திரியின் பெயரால் வெளிவந்த காதல் கடிதங்களை ஆதாரமாகக் கொண்டு, மரியா இசபெல் பரேனோ, மரியா தெரேசா ஓர்த்தா, மரியா வேல்யோ த கோஸ்தா ஆகிய மூவர் 1972-இல் போர்ச்சுகலில் 'புதிய போர்த்துகீசியக் கடிதங்கள்' என்ற நூலை வெளியிட்டபோது, சர்வாதிகார அரசு அதைத் தடைசெய்து அவர்கள் மீது வழக்குத் தொடுத்தது. எந்தப் பகுதி எவருடையது என்பதை மூவரும் கடைசிவரை சொல்ல மறுத்தார்கள். 1974-இல் ஆட்சி கவிழ்ந்தபின் வழக்கிலிருந்து விடுதலையானார்கள். அந்நூலுக்கு ஒற்றை ஆசிரியை இல்லாதது போல, 'சங்கதி'க்கும் ஒற்றைக் கதாநாயகி இல்லை. தனியொருத்தி பேசினால் அபராதம் விதிக்கும் ஊர், பலர் சேர்ந்து பேசும்போது எவளைத் தண்டிப்பது என்றறியாமல் திகைக்கிறது. இதுவே இவ்விரு நூல்களின் பலம்.

தங்கவயலின் பெண்களும் இவ்வாறு ஒருமித்துப் பேச வேண்டும் என்பதே என் பிரார்த்தனை. அடுத்த கூட்டத்தை நடத்துவோர் மேடையை அவர்களிடம் விட்டுவிட்டுக் கீழே உட்காரட்டும். அவர்களுடைய கண்ணீரோடு வசவையும் சிரிப்பையும், சுரங்கக் கம்பெனியிடம் மட்டுமன்றிச் சொந்த வீட்டு ஆண்களிடமும் அவர்களுக்குத் தீராதிருக்கும் கணக்கையும், இடைமறிக்காமல் கேட்கட்டும்.