ஸ்மோக்டு சால்மன் பின்வீல்: புகை போட்ட மீன் வெந்த மீனா?

பஜ்ஜி, போண்டா, கட்லெட் என்று இருந்த வீட்டு விருந்தில் இப்போது 'ஸ்டார்ட்டர்' தட்டுக்கும் இடம் வந்துவிட்டது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கத்து அபார்ட்மென்ட் வீடுகளில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பிறந்தநாள் என்றால் தட்டில் புதிதாக ஒன்றாவது இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் எதிர்பார்க்கிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு லீவுக்கு வருகிறவர்கள் கேட்கும் பட்டியலில் ஸ்மோக்டு சால்மனும் உண்டு.

அதை வைத்துச் செய்யக்கூடிய சுலபமான அயிட்டம் பின்வீல். மெல்லிய ரொட்டியில் க்ரீம் சீஸ் தடவி, மீனைப் பரப்பி, பாய் போல இறுக்கமாகச் சுருட்டி, குறுக்கே வெட்டினால் காற்றாடி மாதிரி சுருள் சுருளாக வரும். பார்க்க அழகு, அடுப்பே பற்றவைக்க வேண்டாம். கவனம் தேவைப்படுவதும் அந்த இடத்தில்தான். அடுப்பில் ஏறாத அயிட்டம் என்பதால், மீன் பாக்கெட்டில் எப்படி இருந்ததோ அப்படியே வாய்க்குப் போகிறது.

புகையில் இரண்டு வகை

நமக்குப் பழக்கமான புகை மீன் மாசிக் கருவாடு. தூத்துக்குடி பக்கமும், லட்சத்தீவின் மினிக்காயிலும், மாலத்தீவிலும், இலங்கையிலும் பெயர் பெற்றது. சூரை மீனை முதலில் வேகவைத்து, பிறகு புகை போட்டு, கடைசியில் கட்டை போல ஆகும்வரை வெயிலில் காயவைப்பார்கள். நன்றாக வெந்து காய்ந்த மீன் அது. அதனால் 'புகை போட்டது என்றால் வெந்ததுதானே' என்று நினைப்பது நமக்கு இயல்பு.

கடைகளில் பட்டு மாதிரி மெல்லிய துண்டுகளாக வரும் ஸ்மோக்டு சால்மன் அப்படியில்லை. மீனை உப்பில் ஊறவைத்து, சுமார் 30 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான புகையில் பல மணி நேரம் வைப்பார்கள். இதற்கு 'கோல்டு ஸ்மோக்டு' என்று பெயர். அந்தச் சூட்டில் மீன் வேகாது. அந்தப் பளபளப்பும் வழுவழுப்பும் மீன் பச்சையாக இருப்பதால் வருவதுதான்.

'ஹாட் ஸ்மோக்டு' என்று லேபிளில் இருந்தால் அது சூடான புகையில் வெந்த மீன். தொட்டால் உதிரும். பாக்கெட்டில் இந்த இரண்டு சொற்களில் எது இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

யாருக்கு வேண்டாம்?

பச்சையான, குளிரில் வைத்து விற்கப்படும் மீனில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா இருக்க வாய்ப்புண்டு. ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெதுவாகப் பெருகுவது இதன் குணம். ஃப்ரீஸரில் வைத்தாலும் சாகாது. ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் லேசான காய்ச்சல், வயிற்றுக் கோளாறோடு போய்விடும். கர்ப்பிணிகளுக்கு விஷயம் வேறு. தாய்க்கு லேசான காய்ச்சலும் உடல்வலியும் மட்டும் இருக்கும்போதே கருச்சிதைவோ, குழந்தை இறந்து பிறப்பதோ நேரலாம். சாப்பிட்டுப் பல வாரங்கள் கழித்துக்கூட அறிகுறி தெரியலாம் என்பதால், எதனால் வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

இதனால் கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இதை அப்படியே சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. பச்சிளம் குழந்தைகளுக்கும் வேண்டாம். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் ஆசையாக முதல் தட்டை அவருக்குத்தான் நீட்டுவோம். இந்தத் தட்டை மட்டும் நீட்ட வேண்டாம். 74 டிகிரி வரை, அதாவது ஆவி பறக்கச் சூடாக்கிய பிறகு இதே மீனை அவர்களும் சாப்பிடலாம். முட்டைப் பொடிமாஸிலோ பாஸ்தாவிலோ சேர்த்து நன்றாக வேகவிட்டுக் கொடுக்கலாம்.

பி.பி. உள்ளவர்களும் அளவோடு நிறுத்த வேண்டும். 100 கிராம் ஸ்மோக்டு சால்மனில் சுமார் 3 கிராம் உப்பு இருக்கும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

வாங்கும்போது

'இந்தியன் சால்மன்' என்று மீன் கடைகளிலும் ஆப்களிலும் விற்பது நம் காலா மீன். ருசியான மீன்தான்; ஆனால் சால்மனுக்கு உறவே கிடையாது. சால்மன் குளிர்க்கடல் மீன். இங்கே விற்பது இறக்குமதி. காலா மீனையோ வேறு மீனையோ வாங்கி வீட்டிலேயே 'கோல்டு ஸ்மோக்' செய்து பார்க்க வேண்டாம். அதற்குப் புகை 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தாம்பரத்தில் பகல் காற்றே பல நாள் அந்தச் சூட்டைத் தாண்டிவிடுகிறது.

ஸ்மோக்டு சால்மன் பாக்கெட்டைக் கடையில் கடைசியாக எடுத்து, ஐஸ் பேக் வைத்த பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். வேளச்சேரியில் வாங்கி, டிராஃபிக்கில் ஊர்ந்து தாம்பரம் வருவதற்குள் குளிர் போய்விடும். ஃப்ரோசன் பாக்கெட் என்றால் முதல் நாள் இரவே ஃப்ரீஸரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றவும். சமையல் மேடையில் வைத்து ஐஸ் விடக்கூடாது.

ஸ்மோக்டு சால்மன் பின்வீல்

தேவையானவை: 8 அங்குல டார்ட்டியா ரொட்டி அல்லது மெல்லிய, மிருதுவான சப்பாத்தி - 4, க்ரீம் சீஸ் - 150 கிராம், ஸ்மோக்டு சால்மன் - 100 கிராம், வெள்ளரிக்காய் - பாதி, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் - 3, எலுமிச்சைச் சாறு - ஒரு டீஸ்பூன், மிளகுத்தூள் - அரை டீஸ்பூன், பொடியாக நறுக்கிய சதகுப்பைக் கீரை அல்லது கொத்தமல்லித்தழை - 2 டேபிள்ஸ்பூன்.

செய்முறை: வெள்ளரியின் விதைப் பகுதியை நீக்கித் துருவி, சிட்டிகை உப்பு போட்டுப் பத்து நிமிடம் வைத்து, ஒட்டப் பிழிந்துவிடவும். பின்வீல் நசநசத்துப் போவதற்கு முக்கியக் காரணம் இந்தத் தண்ணீர்தான். க்ரீம் சீஸைக் குழைத்து வெங்காயம், எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள், கீரை சேர்த்துக் கலக்கவும். வேறு உப்பு வேண்டாம். மீனில் இருப்பதே போதும்.

ஆறிய ரொட்டியின் மேல் ஓரம்வரை க்ரீம் சீஸ் தடவவும். மீன் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, வெள்ளரியைத் தூவவும். உங்கள் பக்கமுள்ள ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, கிளிங் ஃபிலிமில் சுற்றி, இரண்டு பக்கமும் மிட்டாய்க் காகிதம் போல முறுக்கவும். ஒன்றரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்தால் கெட்டிப்பட்டுவிடும். பிறகு பல் வைத்த கத்தியால், அழுத்தாமல் அறுப்பது போல ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டவும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துக்கொண்டால் சுருள் தெளிவாகத் தெரியும். ஏறத்தாழ 28 துண்டுகள் வரும்.

க்ரீம் சீஸ் இல்லையென்றால் அரை லிட்டர் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி, வடிகட்டி மேல் வைத்து, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஐந்து மணி நேரம் வடியவிடலாம். வெளியே தொங்கவிட்டால் நம் வெயிலில் புளித்துவிடும். அதோடு ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய் சேர்த்தால் பதம் சரியாக வரும்.

எல்லோருக்கும் ஒரு தட்டு

கர்ப்பிணியும் பாட்டியும் ஒதுங்கி உட்கார வேண்டாம். அவர்களுக்கும் புகை மணத்தோடு, வெந்த மீனில் இதே பின்வீல் செய்யலாம்.

காலா அல்லது வஞ்சிரத்தில் முள் நீக்கிய கால் கிலோ துண்டை எடுத்து, உப்பு, மிளகுத்தூள் தடவி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கவும். இட்லிப் பானையில் 10 முதல் 12 நிமிடம் ஆவியில் வேகவைக்கவும். உள்ளே கண்ணாடி போல இல்லாமல் வெண்மையாகி, விரலால் தொட்டால் உதிர வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுப்பகுதி 63 டிகிரி காட்ட வேண்டும்.

உதிர்த்த மீனை அகலமான பாத்திரத்தில் போட்டு, நடுவில் சின்ன ஸ்டீல் கிண்ணம் வைக்கவும். கொட்டாங்குச்சிக் கரித்துண்டு ஒன்றைச் செந்தணலாகச் சுட்டு, கிண்ணத்தில் போட்டு, அரை டீஸ்பூன் நெய் விட்டதும் உடனே மூடவும். ஐந்து நிமிடத்தில் மீனில் புகை மணம் ஏறிவிடும். பிரியாணிக்குச் செய்கிற அதே வேலைதான். ஜன்னலைத் திறந்து வைத்தோ பால்கனியிலோ செய்யவும். மூடிய அறையில் கரிப்புகை ஆபத்து. மீன் நன்றாக ஆறிய பிறகு க்ரீம் சீஸோடு கலந்து, மேலே சொன்னபடி சுருட்டவும். மாசி மணம் பிடித்தவர்கள் வறுத்துப் பொடித்த மாசி ஒரு டீஸ்பூன் சேர்க்கலாம்.

சூரையிலும் செய்யலாம். ஆனால் ஐஸில் வைத்த மீனாகவே வாங்க வேண்டும். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். வேகவைத்தாலும் புகை போட்டாலும் அது போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் புது மீன் வரத்து குறைவு என்பதால் அப்போது கூடுதல் கவனம் தேவை.

சைவக்காரர்களுக்குச் சுட்ட கத்திரிக்காய் இருக்கவே இருக்கிறது. தணலில் சுட்டுத் தோலுரித்து, மசித்து, நீரை வடித்து க்ரீம் சீஸில் சேர்த்தால் கொத்சு மணத்தில் பின்வீல் தயார்.

பரிமாறும்போது

பின்வீலை வெட்டியதும் பரிமாறிவிட வேண்டும். மீன் தட்டு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். அதனால் பாதியை வெட்டி வைத்து, மீதியை ஃப்ரிட்ஜிலேயே விட்டு, தீரத் தீர எடுப்பது நல்லது. மிஞ்சியதை மறுநாள் பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் வைக்க வேண்டாம்.

இரண்டு தட்டும் வைப்பதாக இருந்தால் முதலில் கத்திரிக்காய், அடுத்து வெந்த மீன், கடைசியாக சால்மன் என்ற வரிசையில் வெட்டவும். பலகையும் கத்தியும் தனித்தனியாக இருந்தால் இன்னும் நல்லது. சுருட்டி வெட்டிய பிறகு எல்லாம் ஒரே மாதிரி தெரியும் என்பதால், வெந்த மீன் தட்டில் ஒரு கறிவேப்பிலைக் கொத்தை வைத்து, 'இது எல்லோருக்கும்' என்று வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடவும்.